அரசறிவியல் படிக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகளுக்கு உயர்தரம் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு. கம்பஸில் அரசறிவியல்தான் செய்வேன் என்று நிற்கிறாள். மூன்று வருடப் பட்டம் போதுமா, நான்கு வருடம் படிக்க விடுவதா?
– தாய் ஒருவர், சாவகச்சேரி

பதில்: வசதியிருந்தால் நான்கு வருடமும் படிக்க விடுங்கள், அம்மா. மூன்று வருடப் பொதுக் கலைமாணி 90 கிரெடிட், நான்கு வருடச் சிறப்புக் கலைமாணி 120. ஆய்வுமுறையும் ஆய்வுக்கட்டுரையும் சிறப்பில்தான் முழுமையாக வரும். மேற்படிப்புக்குப் போகிற பிள்ளைக்கு அந்த நாலாவது வருடம் பெரிய பலம். ஆனால் விரும்பிய எல்லாரையும் சிறப்புக்கு எடுப்பதில்லை. முதல் வருடப் பெறுபேற்றை வைத்தே தெரிவு நடக்கும். புதுமுக வருடம்தானே என்று விட்டுவிட்டால் பிறகு பிடிக்க முடியாது. எந்தப் பாடத்தில் எந்தத் தரம் வேண்டும் என்பதைக் கலைப்பீடக் கைநூலில் முதல் வாரமே பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

வேலையைப் பற்றியும் யோசிப்பீர்கள். நிர்வாக சேவை, வெளிநாட்டுச் சேவை இரண்டுக்கும் திறந்த போட்டிப் பரீட்சை உண்டு. பட்டத்தோடு வயதெல்லையும் பார்ப்பார்கள் என்பதால் வர்த்தமானி அறிவித்தலைத் தவறவிடக்கூடாது. ஆங்கிலத்தை இன்றே தொடங்கட்டும்.

கேள்வி: தேர்தல் முறை வினாவில் எனக்கு எப்போதும் புள்ளி குறைகிறது. விகிதாசார முறையில் ஆசனம் பிரிப்பதை விளங்கப்படுத்துவீர்களா?
– மாணவன், நெல்லியடி

பதில்: ஒரு கணக்கைக் கையால் செய்து பாருங்கள், தம்பி. 6 ஆசனமுள்ள ஒரு மாவட்டம். செல்லுபடியான வாக்குகள் 3,00,000. அ கட்சி 1,00,000, ஆ கட்சி 95,000, இ கட்சி 75,000. மிச்சம் 30,000 வாக்கும் சிறு குழுக்களுக்குச் சிதறிப் போயிற்று என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் 5 வீத வெட்டுப்புள்ளி. 15,000 வாக்குக்குக் கீழே எடுத்தவர்களைக் கழித்துவிடுங்கள். சிறு குழுக்கள் எல்லாமே அதற்குக் கீழே என்றால் 2,70,000 மிஞ்சும். அடுத்து, ஆகக்கூடிய வாக்கெடுத்த அ கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். அது போக ஆசனம் 5. எனவே 2,70,000ஐ 5 ஆல் பிரிக்க வேண்டும். 54,000 வரும். மூன்று கட்சியும் அந்தத் தொகையை ஒவ்வொரு முறைதான் எட்டுகின்றன. ஆளுக்கு ஓர் ஆசனம். இன்னும் இரண்டு ஆசனம் கிடக்கிறது. மிச்ச வாக்கைப் பாருங்கள்: அ 46,000, ஆ 41,000, இ 21,000. பெரிய மிச்சம் உள்ள அ, ஆ இரண்டுக்கும் அவை போகும். முடிவு 3, 2, 1.

பெரும்பாலானோர் பிழைவிடுவது போனஸில். அதை மறந்து 6 ஆல் பிரித்தால் 45,000 வரும். முடிவு 2, 2, 2 ஆகிவிடும். அதே வாக்குகள், வேறொரு நாடாளுமன்றம்! விதியிலுள்ள ஒரு வரி அரசியலை எவ்வளவு மாற்றும் என்பதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். கணக்கை எழுதிவிட்டு, போனஸ் ஆசனம் யாருக்கு நன்மை, வெட்டுப்புள்ளி யாரை அடைக்கிறது என்று இரண்டு வசனமாவது சேருங்கள். புள்ளி அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: அக்காவின் பழைய நோட்ஸை வைத்துப் படிக்கலாமா?
– மாணவி, சுன்னாகம்

பதில்: கோட்பாட்டுப் பகுதிக்குப் படிக்கலாம். அரசியலமைப்புக்கு வேண்டாம். உயர் பதவிகளுக்கும் சுயாதீன ஆணைக்குழுக்களுக்குமான நியமனங்களைப் பார்க்கும் அரசியலமைப்புப் பேரவையை மட்டும் எடுங்கள்: 2001இல் 17ஆம் திருத்தம் கொண்டுவந்தது, 2010இல் 18ஆம் திருத்தம் நீக்கியது, 2015இல் 19 மீட்டது, 2020இல் 20 மறுபடி எடுத்தது, 2022இல் 21 திரும்பக் கொடுத்தது. நோட்ஸ் எழுதிய வருடம் தெரியாவிட்டால் எந்தப் பக்கத்தையும் நம்ப முடியாது. பாராளுமன்ற இணையத்தளத்தில் அரசியலமைப்பு தமிழிலேயே இலவசமாக இருக்கிறது. அதை இறக்கி, உறுப்புரை இலக்கத்தோடு படியுங்கள்.

கேள்வி: இறுதி வருட ஆய்வுக்கு ‘வடக்கில் அதிகாரப் பகிர்வு’ என்று தலைப்புக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் திருப்பிவிட்டார்.
– மாணவி, கரவெட்டி

பதில்: திருப்பியது நல்லதுக்கே, தங்கச்சி. அந்தத் தலைப்பில், பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த 1957 பண்டா–செல்வா ஒப்பந்தம் தொடங்கி எல்லாமே அடங்கிவிடும். ஒன்றையும் ஆழமாகப் பார்க்க மாட்டீர்கள். காலத்தையும் ஆவணத்தையும் இறுக்குங்கள். 2013இல் தெரிவாகி 2018இல் காலம் முடிந்த வட மாகாண சபை நிறைவேற்றிய நியதிச் சட்டங்களை எடுத்து, மாகாண சபைகளுக்கு வழிவகுத்த 13ஆம் திருத்தத்தோடு வந்த ஒன்பதாம் அட்டவணையின் மாகாண சபை நிரலோடு, அதாவது சபைக்குரிய அதிகாரங்களின் பட்டியலோடு, ஒப்பிடலாம். நிரலில் அதிகாரம் இருந்தும் சட்டம் இயற்றப்படாத துறைகள் எவை, ஏன் என்பது ஓர் ஆய்வுக்குத் தாராளமாகப் போதும்.

வேலைத்திட்டத்தில் ஒரு விடயம் கவனம். அலுவலக ஆவணம் பார்க்கத் துறைத்தலைவரின் கடிதம் வேண்டும். அனுமதி வர வாரங்கள் எடுக்கும். கடிதத்தை முதலில் அனுப்பிவிட்டு, அது வரும்வரை இலக்கிய மீளாய்வை எழுதுங்கள். நேர்காணலை ஆவணம் வாசித்த பிறகு வையுங்கள். நியதிச் சட்டத்தை வாசிக்காமல் முன்னாள் உறுப்பினர் ஒருவருக்கு முன்னால் போய் இருந்தால், மேடையில் சொன்னதையே உங்களுக்கும் சொல்வார்.