பெயர் வெட்டிய அண்டா

கேள்வி: தமிழில் கலந்துவிட்ட கடன் சொற்களைக் களைய வேண்டும் என்று நினைப்பவன் நான். ஒலிப்பதிவே இல்லாத காலத்து உச்சரிப்பைக் கடன் சொற்களை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்களாமே, அது எப்படி?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: 'கடன்' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த இடத்திலேயே நிற்கிறேன். எங்கள் பாட்டி பித்தளையில் எது வாங்கினாலும் பெயர் வெட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுவருவாள். ஒரே நாளில் வாங்கிய இரண்டு அண்டாவில் ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கு வாங்கிப் போனார்கள், திரும்பி வரவில்லை, பாட்டியும் வாய்விட்டுக் கேட்கவில்லை. எங்களிடம் இருந்ததைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து நாற்பது வருடத்தில் எழுத்தே வழவழவென்று போய்விட்டது. அவர்கள் வீட்டை இடித்தபோது பரணிலிருந்து இறங்கிய எங்கள் அண்டாவில் இனிஷியல், ஊர்ப்பெயர் எல்லாம் வெட்டிய அன்று இருந்தது போலவே இருந்தன.

சொல்லும் அப்படித்தான். ராஜாவுக்கு ஆங்கிலத்தில் 'கிங்', ஜெர்மனில் 'கோனிக்', ஸ்வீடனில் 'குங்'. இவற்றின் தாய்மொழியில் அது 'குனிங்கஸ்' மாதிரி ஒலித்திருக்க வேண்டும். ஐஸ்லாந்திலும் ஃபாரோ தீவுகளிலும் அந்த 'அஸ்' என்ற வால் ஓர் 'உர்' ஆகத் தேய்ந்து கிடக்கிறது, மேலே சொன்ன மூன்றிலும் அதுவும் இல்லை. ஆனால் துளியும் உறவில்லாத ஃபின்னிஷ் மொழிக்காரர் இன்றைக்கும் ராஜாவை 'குனிங்கஸ்' என்கிறார், மோதிரத்தை 'ரெங்கஸ்' என்கிறார். டென்மார்க் அறிஞர் வில்ஹெல்ம் தாம்சன் 1869இலேயே இந்தக் கடன்களைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார்.

இது வெறும் ஊகமில்லையா என்பீர்கள். டென்மார்க்கில் கல்லஹுஸ் என்ற ஊரில் 1734இல் தங்கக் கொம்பு ஒன்று கிடைத்தது. சுமார் 1600 வருடம் பழையது. செய்தவன் தன் பெயரை, இந்த மொழிக் குடும்பத்தின் பழைய எழுத்தான ரூனிக்கில் வெட்டியிருக்கிறான், பெயரின் முடிவில் அதே வால் இருக்கிறது. 1802இல் ஒரு பொற்கொல்லன் அந்தக் கொம்பைத் திருடி உருக்கிவிட்டான் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. யாரோ முன்பே படம் வரைந்து வைத்திருந்ததால் பிழைத்தோம்.

கடன் வாங்கியவரின் நாக்கையும் கணக்கில் எடுக்க வேண்டும், சரி. சொல்லின் தொடக்கத்தில் மெய்கள் சேர்ந்து வந்தால் பழைய ஃபின்னிஷ் நாக்கு புரளாது, 'ஸ்ட்ராண்ட்' என்ற கடற்கரை அங்கே 'ரந்தா' ஆனது. ஆனால் அந்தத் திரிபும் ஒழுங்காக, சொல்லுக்குச் சொல் ஒரே மாதிரி நடக்கும். ஒலி ஒத்துப்போனாலே போதும் என்று இரண்டு சொல்லை ஒட்டவைத்து ஆராய்ச்சி என்று எனக்கு அனுப்புகிற நண்பர்களோடு வருடக்கணக்காக நான் சண்டை போடுவது இந்த ஒழுங்குக்காகத்தான். ஒரு சொல் போதாது, வரிசையாகக் காட்டுங்கள்.

அப்புறம், நம் வீட்டுப் பரணுக்கு வருகிறேன். 'யவனர்' கடன் சொல்தான், வடக்கே பிராகிருதத்தைச் சுற்றி வந்தது. கிரேக்கர்களில் ஒரு பிரிவினரின் பெயர் அது. ஹோமர் காவியத்திலேயே அவர்கள் 'இயாஒனெஸ்', நடுவில் வகரம் இல்லை, பிறகு 'இயோனெஸ்' என்று இன்னும் சுருங்கிவிட்டது. ஆனால் எபிரேயத்தில் 'யாவான்', சமஸ்கிருதத்தில் 'யவன', நம்மிடம் 'யவனர்'. கிரேக்க வாய் விழுங்கிய வகரத்தை, அவர்களைப் பார்த்துக் கூப்பிட்ட இந்த மூவரும் வைத்திருக்கிறார்கள். பழைய கிரேக்கத்தில் அங்கே ஒரு வகரம் இருந்திருக்கும் என்று அறிஞர்கள் இதை வைத்துத்தான் சொன்னார்கள். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ், ஹோமருக்கும் முந்தைய கிரேக்க எழுத்தான லீனியர் பி-யின் முடிச்சை அவிழ்த்தார். கிரீட் தீவின் க்னோசஸ் களிமண் பலகையில் 'இ-ய-வொ-நெ' என்று, வகரத்தோடு, அந்தப் பெயர் இருந்தது.

அகநானூற்று 149ஆம் பாட்டில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்புகிற கப்பல் அந்த யவனருடையது. நீங்கள் களைகிற பட்டியலில் இந்தச் சொல்லும் இருந்தால், தயவுசெய்து முதலில் இதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், சொல் இருந்துவிட்டுப் போகட்டும்.