சமூகவியல் படித்துவிட்டுக் குற்றவியலில் கலாநிதி ஆய்வு செய்யலாமா?

தங்கச்சி, சமூகவியலில் முதுமாணி முடித்த நீங்கள் குற்றவியலில் கலாநிதி ஆய்வுக்கு விண்ணப்பிக்க அந்தப் பின்னணி போதுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போதும். குற்றவியலுக்கு அடிப்படைக் கோட்பாடுகளைத் தந்த சதர்லாந்தும் மெர்டனும் சமூகவியலாளர்கள்தான், அதனால் அந்தப் பின்னணியை ஒரு குறைபோல எழுத வேண்டாம்.

ஆனால் எதை ஆராய விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்துக்காக எழுதிய உங்கள் ஆர்வப் பந்தி சரியில்லை. 'குற்றமும் சமூகமும்' என்றால் யாருக்கு என்ன விளங்கும்? கடைசி வரியில், திருகோணமலைக் கடலில் டைனமைட் போட்டு மீன் பிடிப்பதைப் பற்றிப் போகிற போக்கில் சொன்னீர்களே, அதை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் தடுத்த பிறகும் ஏன் நடக்கிறது, பார்த்தவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை, இதுதான் கேள்வி. செய்யத் துணிந்தவன், வாய்ப்பான இலக்கு, காவல் இல்லாமை மூன்றும் சேர்ந்தால் குற்றம் நடக்கும் என்று கோஹன், ஃபெல்சன் என்ற ஆய்வாளர்கள் 1979இல் சொன்னது நடுக்கடலுக்கு எவ்வளவு பொருந்தும் என்று பாருங்கள். சுற்றுச்சூழலுக்குச் செய்யும் குற்றங்களையும் தீங்குகளையும் ஆராயும் பசுமைக் குற்றவியலையும் வாசியுங்கள்.

அப்புறம், ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கென்றே துறை இருக்கிறது, மேற்பார்வையாளரை அங்கே தேடலாம். பேட்டி எடுக்கும்போது மட்டும் மீனவரின் பெயரையோ அவர் தங்கித் தொழில் செய்யும் வாடியையோ குறிப்பேட்டில் எழுதாதீர்கள், ஊர் சின்னது.