அம்மா பேசுவதே இல்லை: மனநல மருத்துவரிடம் காட்டலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு மாதமாகப் பேச்சு குறைந்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். பார்க்க வருகிறவர்கள் 'தைரியமா இருங்க' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மனநல மருத்துவரிடம் காட்டலாம் என்றால் 'அவளுக்கென்ன பைத்தியமா' என்று அப்பா சண்டைக்கு வருகிறார். என்ன செய்வது?

பதில்: காட்டலாம். பெரும்பாலும் காட்டத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அதற்கு முன்னால் புற்றுநோய் மருத்துவரிடம் போய் ஒரு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். எலும்புக்குப் பரவிய நோயில் ரத்தத்தில் கால்சியம் ஏறுவதுண்டு. ஏறினால் தாகம், குமட்டல், மலச்சிக்கல், ஓயாத தூக்கம் என்று ஆளே மந்தமாகிவிடுவார். பக்கத்தில் இருப்பவர்களுக்கு 'மனசு விட்டுப்போச்சு' என்றுதான் தோன்றும். கண்டுபிடித்தால் சலைனும் ஊசியும் போட்டுக் குறைக்கக்கூடியது இது. சோடியம் குறைவது, ரத்தசோகை, தைராய்டு, கிருமித்தொற்று, புதிதாகச் சேர்த்த வலி மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஞாயிறு, சனி, வெள்ளி என்று கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். மெதுவாகவேனும் சொல்லி முடித்தால் நல்லது. வழக்கமாக இதைச் சுலபமாகச் சொல்லக்கூடியவர் பாதியில் தொலைந்துபோனாலோ, காலையில் தெளிவாகவும் மாலையில் குழப்பமாகவும் இருந்தாலோ, பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ அது மனச்சோர்வாக இல்லாமல் மூளைக் குழப்பமாக இருக்கலாம். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

வலியையும் கேளுங்கள். 'வலிக்குதா' என்றால் 'இல்லை' என்றுதான் நம் அம்மாக்கள் சொல்வார்கள். 'ராத்திரி புரண்டு படுக்கும்போது எங்கே பிடிக்குது?' என்று கேட்டால் பதில் வரும். வலி அடங்காத நிலையில் மனசைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. தேவைப்பட்டால் மார்ஃபின் மாத்திரைக்குப் பயப்பட வேண்டாம். மலச்சிக்கலுக்கு மருந்து சேர்த்து, டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் போதும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் பேச்சில்லை என்றால்தான் மனச்சோர்வு. பசியின்மை, எடை குறைவு, தூக்கமின்மை, அசதி ஆகியவற்றை வைத்து இங்கே தீர்மானிக்க முடியாது. நான்கையும் புற்றுநோயே கொடுக்கும். பேரப்பிள்ளை வந்தால் முகம் மாறுகிறதா என்று பாருங்கள். உடம்பு முடியாமல் படுத்திருப்பவர் கண்ணைத் திறந்து அவனை அருகே கூப்பிடுவார், அப்புறம் களைத்துத் தூங்கிவிடுவார். மனச்சோர்வில் இருப்பவருக்கு அதிலும் ஈடுபாடு இருக்காது. 'உங்களுக்கெல்லாம் பாரமாயிட்டேன்', 'நான் செய்த பாவம்' என்ற பேச்சும் சேர்ந்து, பெரும்பாலான நாட்கள் இப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் போனால் சிகிச்சை தேவை. புற்றுநோய் வந்தவர் அழத்தானே செய்வார் என்று விட்டுவிடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

'சீக்கிரம் போயிட்டா நல்லது' என்று சொன்னால் வாயை அடைக்காதீர்கள். 'உயிரை மாய்ச்சுக்கணும்னு தோணுதாம்மா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. 'சாமி கூப்பிட்டுக்கணும்' என்ற களைப்பு வேறு, வழி யோசித்து வைத்திருப்பது வேறு. இரண்டாவது என்றால் அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். எப்படியும் மாத்திரைப் பெட்டியும் பூச்சிமருந்தும் கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும். எந்த நேரத்திலும் பேச 14416 என்ற டெலி மானஸ் இலவச எண் இருக்கிறது, தமிழில் பேசலாம்.

மனச்சோர்வு மாத்திரை பிடிபட இரண்டிலிருந்து நான்கு வாரமாகும். அதுவரை பொறுக்க வேண்டும், நீங்களாக நிறுத்தவும் கூடாது. மனநல மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது டாமாக்சிஃபெனைப் பற்றி. பராக்ஸிடின், ஃபுளூவாக்ஸிடின் போன்றவை அந்த மாத்திரை உடலில் வேலை செய்யும் விதத்தில் குறுக்கிடும். வேறு மாத்திரைகள் இருக்கின்றன, அவர் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். அப்பாவிடம் மனநலம், பைத்தியம் என்று வாதாட வேண்டாம். 'தூக்கத்துக்கும் அசதிக்கும் ஒரு டாக்டர்' என்றால் பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை.

அடுத்தது பேச்சு. 'தைரியமா இரு' என்று நாலு பேர் சொல்லிக் கேட்டவர் ஐந்தாவது ஆளிடம் பயத்தைச் சொல்ல மாட்டார். 'தூக்கம் வராதப்போ என்ன நினைப்பும்மா ஓடுது?' என்று கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும்வரை சும்மா இருங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டால் இன்னும் சுலபம். முகம் பார்க்க வேண்டியதில்லை. வருவது பெரும்பாலும் சாவைப் பற்றியதாக இருக்காது. அடகில் இருக்கும் நகை, கட்டி முடிக்காத சீட்டு, தனக்குப் பின்னால் அப்பாவுக்கு யார் சோறு போடுவார்கள் என்பதாகத்தான் இருக்கும். அதை ஒரு நோட்டில் எழுதி, அவர் கண்ணெதிரே ஒன்றிரண்டை முடித்துக் காட்டுங்கள். சாப்பாட்டைத் திணிப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். இரண்டு வாய் ரசம் சாதம் போதும் என்றால் போதும்தான்.

செலவுக் கவலையும் பேச்சைக் கட்டிப்போடும். ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரைப் பாருங்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பற்றிச் சொல்வார். சிகிச்சைக்குப் போய்வர ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி இரண்டிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை உண்டு. ஆஸ்பத்திரிச் சான்று வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வலியையும் அவதியையும் குறைக்க வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆதரவு சிகிச்சைச் செவிலியர்கள் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். ஆதரவு சிகிச்சை என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. 2010இல் வெளியான பாஸ்டன் ஆய்வு ஒன்றில், பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகளில் தொடக்கத்திலேயே அதைச் சேர்த்துக்கொண்டவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

நீங்கள் எத்தனை நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று கடிதத்தில் எழுதவில்லை. வெளியூரிலிருந்து போனில் யோசனை சொல்லும் உறவினர் யாராவது இருந்தால், வாரத்தில் இரண்டு இரவு வந்து படுக்கச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் போகும்போது அம்மாவுடன் பத்து நிமிடம் தனியாகப் பேசச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் முன்னால் சொல்லாததை அவரிடம் சொல்லக்கூடும். சொன்னது என்ன என்று வெளியே வந்ததும் விசாரிக்காதீர்கள்.