உச்சி வெயிலில் வெளுத்துப்போகும் கொக்கு

கேள்வி: விடுமுறை நாளின் நண்பகலில்தான் படமெடுக்க நேரம் கிடைக்கிறது. வெள்ளைக் கொக்கு வெறும் திட்டாகத் தெரிகிறது, இலைகள் பளபளக்கின்றன, நிழல்கள் கரியாகிவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: விடியற்காலையில் போங்கள் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன்.

தொல்லை தருவது வெளிச்சம் அல்ல, வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளி. கண் இரண்டையும் ஒருசேரப் பார்த்துவிடும். கேமராவுக்கு அது கைவராது. ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். நிழலை விடுங்கள். ரா கோப்பாக (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்தால் இருட்டில் கிடப்பதை ஓரளவு தூக்கிவிடலாம். வெளிச்சம் மிஞ்சி வெள்ளையாக எரிந்துபோன சிறகில் மீட்பதற்குப் பதிவே இருக்காது.

கரிய நீரின் முன்னால் கொக்கு நின்றால் வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் ஏமாறும். இருட்டுதான் அதிகம் என்று எண்ணி எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, கூட்டிவிடும். மைனஸ் 1 ஸ்டாப்பில் தொடங்கி (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), எரிந்த இடத்தைக் காட்டத் திரையில் வெள்ளை மினுக்குவது நிற்கும்வரை குறையுங்கள். எனக்குப் பிடித்தது ஃபிலிம் காலத்துக் கணக்கு: தெளிந்த வெயிலில் லென்ஸ் துளை எஃப்/16, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 200 என்றால் ஷட்டர் 1/200 நொடி. வெள்ளைப் பறவைக்கு ஒரு ஸ்டாப் குறைத்தால் 1/400. அதையே இரண்டு ஸ்டாப் பெரிய துளையான எஃப்/8-க்கு மாற்றினால் 1/1600. பறக்கும் சிறகும் உறைந்து நிற்கும். வெயில் உங்கள் முதுகில் விழும்போதுதான் இந்தக் கணக்கு செல்லும்.

இலைப் பளபளப்புக்கு, லென்ஸின் முன்னால் மாட்டிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர். வளையத்தை மெல்லத் திருப்பினால் வெள்ளை விலகிப் பச்சை வெளிவரும். ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தை அது விழுங்கிவிடும், ஆனால் அந்த நேரத்தில் வெளிச்சத்துக்கா பஞ்சம்!

பூவுக்கு மேலே டிஃப்யூசர் (வெயிலை மென்மையாக்கும் வெள்ளைத் திரை) பிடியுங்கள். ஃபிரேமில் விழாத அளவுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு மென்மை. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: பூ நிழலுக்கு வந்துவிடும், பின்னணி வெயிலிலேயே கிடந்து எரியும். பின்னணியும் நிழலில் இருக்கும் பூவாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இந்த நேரத்துக்கென்றே சில காட்சிகள் உண்டு. மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள், வெயில் ஊடுருவிய இலையில் நரம்பு நரம்பாகத் தெரியும். சில தட்டான்கள் சூடு தாளாமல் வாலைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கி நிற்பதைக் காலையில் போனால் பார்க்க முடியாது.

தொலைவில் இருப்பதை மட்டும் டெலி லென்ஸில் (தொலைவை நெருக்கிக் காட்டும் லென்ஸ்) முயல வேண்டாம். தரையிலிருந்து எழும் கானல் படத்தைக் கலக்கிவிடும். அது தெரியாமல் லென்ஸில்தான் கோளாறு என்று பழுதுபார்க்கக் கொடுத்தவர்களும் உண்டு.