அப்பாவின் மைக்ரோமீட்டர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

லேத்து (இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) பட்டறைகளின் துல்லியத்தைப் புகழ்ந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அப்பா காட்பாடியில் முப்பது வருடம் பட்டறை வைத்திருந்தார். கடைந்த ஷாஃப்டை விரலால் தடவியே "இன்னும் ஒரு இழை எடுக்கணும்" என்பார். போன வருடம் தவறிவிட்டார். இப்போது அதே தெருவில் கம்ப்யூட்டர் சொல்படி தானே கடையும் சிஎன்சி மெஷின் வந்துவிட்டது. பையன் பட்டனை அழுத்துகிறான், பொருள் வந்து விழுகிறது. நீங்கள் புகழும் துல்லியம்தானே கைத்திறமையைக் கொன்றது?

ஒரு வாசகர், காட்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பாவின் விரலை நான் முழுக்க நம்புகிறேன். துல்லியம் பிறந்ததே அப்படிப்பட்ட விரல்களில்தான்.

யோசித்துப் பாருங்கள். சமமான ஓர் இரும்புப் பரப்பு வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு சமமான பரப்பு கையில் இல்லை. என்ன செய்வது? லண்டனில் இயந்திரம் செய்வதில் பேர் பெற்ற ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வர்த், 1840இல் அதற்கான வழியை எல்லாருக்கும் எடுத்துச் சொன்னார். மூன்று தகடுகள் வேண்டும். ஒன்றில் மை பூசி இன்னொன்றோடு தேய்த்தால் மேடான இடத்தில் மட்டும் மை ஒட்டும். அந்த மேட்டைக் கையால் சுரண்ட வேண்டும். இரண்டே தகடு என்றால் ஏமாந்துபோவோம். ஒன்று குழிந்து, மற்றது புடைத்திருந்தாலும் பணியாரக் குழியும் பணியாரமும் மாதிரி கச்சிதமாகப் பொருந்திவிடும். மூன்றாவது தகடு வந்ததும் அந்தக் கள்ளம் பிடிபட்டுவிடும். ஒவ்வொன்றும் மற்ற இரண்டோடும் பொருந்த வேண்டுமானால் மூன்றுமே சமமாக இருந்தாக வேண்டும். மை பூசுவது, தேய்ப்பது, சுரண்டுவது, மறுபடியும் மை. எத்தனை பொறுமை வேண்டும்! நல்ல லேத்துகளுக்கெல்லாம் அடிப்படை அப்படிக் கை சுரண்டிய சமதளம்தான்.

அதே விட்வர்த் 1841இல் திருகு மரைக்குப் பொது அளவு வேண்டும் என்றார். கோணம் 55 டிகிரி, இந்தக் கனத்துக்கு இத்தனை மரை என்று வகுத்தார். அதுவரை பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. ஒரு நட்டு தொலைந்தால் செய்தவரையே தேடிப் போக வேண்டும். நீராவி எஞ்சினைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். குடியாத்தம் பக்கம் ஒரு விவசாயியின் பம்பு செட்டில் மரை போய்விட்டால், கடைக்குப் போய் அளவைச் சொல்லி போல்ட்டு வாங்கி வந்து மாட்டிவிடுகிறார். பம்பு செய்தவருக்கும் போல்ட்டு செய்தவருக்கும் முகம்கூடத் தெரியாது. அப்புறம், அந்த நீராவி எஞ்சினுக்கே பீரங்கிக்காகக் கண்டுபிடித்த குடையும் முறைதான் கைகொடுத்தது. இரும்பு வார்ப்புத் தொழிலதிபர் ஜான் வில்கின்சன் சிலிண்டரைச் சரியாகக் குடைந்து தரும்வரை ஜேம்ஸ் வாட்டுக்கு ஆவி ஒழுகிக்கொண்டேதான் இருந்தது.

நம் வட ஆற்காட்டு மலைகளும் இந்தக் கதையில் உண்டு. 1802இல் நில அளவை செய்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்ப்டன், சென்னை பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டை, அதாவது மற்ற தூரங்களைக் கணக்கிட ஆதாரமான கோட்டை, 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடவே வெப்பமானியும் வைத்தார். சூட்டில் எஃகு நீளும் அல்லவா? அங்கிருந்து மலைக்கு மலை கோணம் பார்த்து, கர்நாட்டிகர் என்று அவர் குறித்த வட ஆற்காட்டு உச்சியையும் சேர்த்து, மேற்கே போனார். பெங்களூர் அருகே இன்னொரு ஏழு மைல் கோட்டைக் கணக்கிலும் கண்டார், தரையில் சங்கிலி போட்டும் அளக்க வைத்தார். இரண்டுக்கும் வித்தியாசம் நாலு அங்குலம்கூட இல்லை.

உங்கள் அப்பாவும் அந்த வெப்பமானிக்காரரின் வழியில் வந்தவர்தான். நீளத்துக்கு உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. வேலூரில் மே மாதம் 40ஐத் தாண்டும். 100 மில்லிமீட்டர் எஃகுத் துண்டு அந்த 20 டிகிரி வித்தியாசத்தில் சுமார் 23 மைக்ரான் நீண்டுவிடும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பேரிங் ஏறுமா ஏறாதா என்பதை முடிவு செய்ய அது போதும். கடைந்த சூட்டோடு அளக்காதே என்று நல்ல டர்னர்கள் (லேத்தில் கடைபவர்கள்) சொல்வது அதனால்தான்.

ஆனால் உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. சிஎன்சியிலும் டூல் மழுங்கும்போது சத்தம் மாறும், சீவல் நிறம் மாறும். அதைக் கேட்கவும் பார்க்கவும் அந்தப் பையனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அவனைப் பட்டனோடு நிறுத்தியது துல்லியம் இல்லை. பழக்கிவிட ஒரு மூத்த கையை வைக்க மனமில்லாத முதலாளிகள்தான். இதில் எனக்குக் கோபமே உண்டு.

ஒரு வேண்டுகோள். அப்பாவின் மைக்ரோமீட்டர், அதாவது பொருளை இரண்டு முகங்களுக்கு நடுவே பிடித்து நுட்பமாக அளக்கும் கருவி, வீட்டில் இருந்தால், துடைத்து லேசாக எண்ணெய் தடவிப் பெட்டியில் வையுங்கள். இரண்டு முகங்களையும் ஒட்ட மூடிவிடாதீர்கள், கொஞ்சம் இடைவெளி விடுங்கள். வெயிலில் எஃகு நீளும்போது ஒன்றையொன்று அழுத்தக் கூடாது. முடிந்தால் அந்தப் பையனை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு, அதை அவன் கையில் கொடுத்துப் பாருங்கள்.

அன்புடன்.