சிவப்புப் பொட்டு எங்கே போனது?

போர்க்கால விமானங்கள், டாங்கிகளின் சிறு மாதிரிகளைச் செய்யும் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் பர்மா போர்முனையில் பறந்த ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர்விமானத்தின் 1/72 மாதிரி (அசலின் 72இல் ஒரு பங்கு அளவு) வாங்கினேன். இறக்கையில் ஒட்டவேண்டிய வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு இல்லை. கருநீலமும் வெளிர்நீலமும்தான் இருக்கின்றன. அச்சுப் பிழையா? நானே சிவப்பு வைத்துவிடலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: தயவுசெய்து வைத்துவிடாதீர்கள்! உங்கள் பெட்டியில் இருப்பதுதான் சரி. 1941 டிசம்பரில் பிரிட்டனையும் அமெரிக்காவையும் எதிர்த்து ஜப்பான் போரில் இறங்கியது. ஜப்பானிய விமானங்களின் அடையாளம் செஞ்சூரியன். பீரங்கிக்காரன் அண்ணாந்து பார்க்கும் அந்த ஒரு நொடியில் சிவப்பு தெரிந்தால் சுட்டுவிடுவான். அது நம் விமானமாகவும் இருக்கலாம். அதனால்தான் இந்தப் பகுதியில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களிலிருந்து சிவப்பை எடுத்தார்கள். அமெரிக்கர்களும் 1942 மே மாதத்தில் தங்கள் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டை நீக்கினார்கள். 1944இல் இம்பால் முற்றுகையின்போது அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் பறந்தது ஹரிக்கேனில்தான். அந்தப் பணிக்காகவே அவருக்கு டி.எஃப்.சி. என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் கிடைத்தது. உங்கள் மேசையில் உருவாகப்போவது அந்தக் குடும்பத்து விமானம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இருபது வயதில் நான் செய்த ஹரிக்கேனில், பெயின்ட் உரிந்து உலோகம் தெரிவதுபோல் உடலெங்கும் வெள்ளிப் புள்ளிகள் வைத்திருந்தேன். தாம்பரத்தில் ஓய்வுபெற்ற விமான மெக்கானிக் ஒருவரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் விமானி இருக்கைக்குப் பின்னால் சுண்டுவிரலை வைத்து, “இது துணி, தம்பி. இதில் ஏது வெள்ளி?” என்றார். உண்மைதான். ஹரிக்கேனின் பின்பாதி, மரச் சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டி, துணியை விறைப்பாக்கும் ‘டோப்’ என்ற பூச்சு பூசிய லினன் துணி. உங்கள் மாதிரியிலும் அங்கே நீளவாக்கில் மெல்லிய மேடுகள் ஓடும், தடவிப் பாருங்கள். துணிக்கு அடியில் இருக்கும் சட்டங்கள் அவை. அங்கே நிறம் வெளுக்கும், புழுதி படியும், எண்ணெய்க் கறை இறங்கும். வெள்ளி மட்டும் தெரியாது. உரிந்த பெயின்ட்டை எஞ்சின் மூடியிலும், விமானி ஏறிக் கால்வைக்கும் இறக்கையடியிலும் காட்டுங்கள், போதும்.

கேள்வி: டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படம்) ஒட்டியபின் அதைச் சுற்றிப் பளபளவென்று ஒரு வெள்ளைப் படலம் தெரிகிறது. ஏன்? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: அடியில் காற்று சிக்கியிருக்கிறது. மங்கலான பெயின்ட் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், உண்மையில் மணல்தாள்போல் சொரசொரப்பானது. டெக்கால் அந்த மேடுகளின் மேல் படுக்கும், பள்ளங்களில் காற்று தங்கிவிடும். அதனால் முதலில் நிறமற்ற பளபளப்பு வார்னிஷ் பூசி ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு டெக்காலை ஒட்டி, எல்லாம் முடிந்ததும் மங்கல் வார்னிஷ் பூசுங்கள். ஏற்கெனவே ஒட்டியதை உரிக்கவேண்டாம். மெல்லிய ஊசியால் நாலைந்து இடங்களில் குத்தி, டெக்காலை இளக்கும் திரவத்தை ஒரு சொட்டு விடுங்கள், படிந்துவிடும்.

கேள்வி: என் பதின்மூன்று வயது மகன் ஜெர்மன் டைகர் டாங்கி செய்கிறான். “ஹிட்லரின் வண்டியை வீட்டில் வைப்பதா?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். தடுத்துவிடட்டுமா? (வாசகி, சேலம்)

பதில்: தடுக்காதீர்கள், அம்மா. உறவினர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அந்த ஆட்சியின் ஸ்வஸ்திகா சின்னத்தைப் பொதுவில் காட்டுவதை ஜெர்மனியின் சட்டமே தடுக்கிறது. விமான மாதிரிகள் பலவற்றில் அது இரண்டு துண்டாகவே அச்சாகி வரும், அல்லது வராது. அது யாருடைய சின்னம், எத்தனை இலட்சம் பேரைக் கொன்றவர்களுடையது என்பதை மகனுக்கு நீங்களே உட்கார வைத்துச் சொல்லுங்கள். டைகருக்குள் ஐந்து பேர் இருந்தார்கள். அந்த ஐவரின் இடங்களையும் அவனையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 1/35 அளவில் ஒரு சராசரி ஆளின் உயரம் 5 செ.மீ. அப்படி ஒரு பொம்மையை டாங்கியின் பக்கத்தில் நிறுத்தினால், அந்த இரும்பு எவ்வளவு பெரியது என்று அவனுக்குச் சட்டென்று புரியும். நான் மனித உருவம் இல்லாத டாங்கியை அலமாரியில் வைப்பதே இல்லை.

கேள்வி: முதல் விமானத்துக்கு 1/72 நல்லதா, 1/48 நல்லதா? (வாசகர், கடலூர்)

பதில்: 1/48. ஹரிக்கேனின் இறக்கை நுனிக்கு நுனி 40 அடி. 1/72இல் அது 17 செ.மீ.கூட வராது, 1/48இல் 25 செ.மீ. வரும். விமானி அறைக்குள் தூரிகை நுழையும்.

கேள்வி: மழை நாளில் அடித்த லாக்கர் பெயின்ட் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிட்டது. (வாசகர், சென்னை)

பதில்: லாக்கரின் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. ஈரம் குறைந்த நாளில், மெதுவாக உலரும் தின்னர் கலந்து மெல்லிய பூச்சாக மீண்டும் அடியுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், மூக்குக்கு நல்ல வடிகட்டி முகமூடி கட்டாயம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நான் லாக்கரைத் தொடுவதில்லை. அந்த இரண்டு மாதமும் பாகங்களை வெட்டி, தேய்த்து, ஒட்டிவைப்பதோடு சரி.