495 பந்தயங்களும் ஒரு வெற்றியும்: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம்.

பந்தய ஓட்டுநர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் வெண்டல் ஸ்காட்டையும் பெரிய பெயர்களோடு சேர்த்திருந்தீர்கள். யார் என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் பெரிய தொடரில் 495 பந்தயம் ஓடி ஜெயித்தது ஒன்றே ஒன்று. அதே காலத்தில் ஓட்டிய ரிச்சர்ட் பெட்டி 200 ஜெயித்தவர். கறுப்பர் என்பதற்காக நாம் கூட்டிப் போடும் மார்க்தானே இது? அந்த ஒரு வெற்றியின்போது ஜாக்சன்வில்லில் கோப்பை வேறொருவருக்குப் போனது கணக்குப் பிழை என்று அப்போது நடத்தியவர்கள் சொன்னார்களாம், அது உண்மையாக இருக்கக்கூடாதா? தவிர, அந்த வெற்றி ஓரிடத்தில் 1963 என்றும் இன்னோரிடத்தில் 1964 என்றும் இருக்கிறது. எது சரி?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

கேட்டது நியாயம்தான். பெட்டியைவிட ஸ்காட் பெரிய ஓட்டுநர் என்று நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். ஆனால் 495-க்குப் பக்கத்தில் 1-ஐ வைத்துப் பார்ப்பதால்தான் உங்களுக்கு அப்படித் தெரிகிறது, அங்கே 147-ஐ வைத்துப் பாருங்கள். முதல் பத்து இடங்களுக்குள் அவர் முடித்த பந்தயங்கள் அத்தனை.

பெட்டிக்குப் பின்னால் கார் கம்பெனி இருந்தது. ஸ்காட்டுக்கு வர்ஜீனியாவில் டான்வில் என்ற ஊரில் ஒரு பட்டறை இருந்தது, அவ்வளவுதான். மெக்கானிக் அவரே, பந்தயத்தின் நடுவே டயர் மாற்றி, பெட்ரோல் போடும் பிட்டில் நிற்பது பிள்ளைகள், டயர் பல நேரம் அடுத்தவர்கள் ஓட்டிக் கழித்தது, ஜாக்சன்வில்லில் ஜெயித்த செவர்லேகூட நெட் ஜாரெட் என்ற இன்னொரு ஓட்டுநரிடமிருந்து கைமாறி வந்த கார். இப்படி ஓட்டுகிறவர் முன்னால் போகிறவனைத் துரத்த இஞ்சினை முறுக்கி அது வெடித்துவிட்டால், அடுத்த வாரம் பந்தயத்துக்குப் போகப் பணம் இருக்காது. அதனால் காரை உடைக்காமல், எட்டாவதோ ஒன்பதாவதோ வந்து அந்தப் பரிசுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். அதையும் நன்றாக ஓட்டத் தெரிந்தவன்தான் செய்ய முடியும். 1966-ல் ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் அவர் ஆறாவது இடம், இந்தக் கஞ்சத்தனமான ஓட்டத்தை வைத்தே.

அவர் பந்தயத்துக்கு வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1921-ல் பிறந்தவர், டாக்ஸி ஓட்டினார், இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் மெக்கானிக், திரும்பி வந்து பட்டறை வைத்தார், ராத்திரியில் கள்ளச்சாராயம் கடத்தினார். போலீஸ் கார் பிடிக்காத அளவுக்கு வேகமாக ஓட வேண்டும், அதற்கு ஏற்ற மாதிரி காரைத் தயார் செய்வதும் அவரே. (நாஸ்காரின் ஆரம்ப கால வெள்ளை ஓட்டுநர்கள் சிலரும் இதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான்.) 1952-ல் டான்வில்லில் பந்தயம் நடத்தியவர்கள், ஒரு கறுப்பு ஓட்டுநர் இருந்தால் கூட்டம் கூடுமே என்று கணக்குப் போட்டு, கறுப்பர்களில் வேகமாக ஓட்டுகிறவன் யார் என்று போலீஸிடமே போய் விசாரித்திருக்கிறார்கள். போலீஸ் சொன்ன பெயர் ஸ்காட். பல ராத்திரி பின்னால் துரத்தியவர்கள் கொடுத்த சான்றிதழ்!

சரி, ஜாக்சன்வில். புளோரிடாவில் அரை மைல் மண் தடம், 200 சுற்று. 25 சுற்று பாக்கி இருக்கும்போது ஸ்காட் பெட்டியைத் தாண்டி முன்னால் போகிறார். 200-ஐ முடித்து வந்தால், பந்தயம் முடிந்தது என்று காட்டும் கொடி இறங்கவில்லை. இன்னும் இரண்டு சுற்று ஓட்டுகிறார். கொடி பக் பேக்கர் என்ற இன்னொரு ஓட்டுநருக்கு விழுகிறது, கோப்பையும் அவருக்கே போகிறது. ஸ்காட் ஆட்சேபம் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து, இரண்டு சுற்று வித்தியாசத்தில் ஜெயித்தது நீதான் என்று ஒத்துக்கொண்டார்கள். அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது, பேக்கரும் கோப்பையோடு போய்விட்டார். ஸ்காட்டுக்குப் பரிசுப் பணம் மட்டும் வந்தது.

அப்போது சுற்றுகளை எண்ணியது மனிதர்கள்தான். உட்கார்ந்து, கார் கடக்கும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து அட்டையில் குறிப்பார்கள். இந்த முறையில் தப்பு நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது, நடந்திருக்கிறது. அதனால் 'கணக்குப் பிழை' என்பதை நான் எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிடவில்லை. ஆனால் ஜெயித்தவருக்கு மேடையில் அழகுராணி முத்தம் கொடுப்பது வழக்கம், அந்த ஊரில், அந்த வருஷத்தில் ஒரு வெள்ளைப் பெண் கறுப்பரை முத்தமிடுவதைக் கூட்டத்தின் முன் காட்ட அவர்களுக்கு மனம் வரவில்லை என்றுதான் ஸ்காட் கடைசிவரை நம்பினார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. எண்ணிக்கையை இரண்டு மணி நேரத்தில் திருத்தியவர்கள் கோப்பையை மறுநாள் வாங்கித் தந்திருக்கலாமே? அவர் 1990-ல் இறக்கும்வரை அது நடக்கவில்லை. 2021 ஆகஸ்டில், அவருடைய நூறாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், டேடோனா பந்தயத் தடத்தில் வைத்துக் குடும்பத்தாரிடம் கொடுத்தார்கள்.

அப்புறம் 1973. வாழ்நாள் முழுக்கப் பழைய கார் ஓட்டியவர், கடன் வாங்கி ஒரு நல்ல மெர்க்குரி காரோடு டல்லடேகா பந்தயத் தடத்துக்குப் போகிறார். தொடக்கத்திலேயே கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிய பெரும் விபத்து. விலா எலும்பு, இடுப்பெலும்பு எல்லாம் முறிந்தன. அதன்பின் ஒரு பந்தயம் ஓடினார், அதோடு சரி. அந்த நல்ல காரை அவர் எப்படி ஓட்டியிருப்பார் என்று பார்க்கவே கிடைக்கவில்லை. உங்கள் 495-க்கு 1 கணக்கைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இதுதான்.

வருஷக் குழப்பம் எளிது. பந்தயம் நடந்தது 1963 டிசம்பர் 1. ஆனால் நாஸ்கார் அப்போது அடுத்த ஆண்டின் தொடரை முந்தைய குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும், எனவே பட்டியலில் அது 1964 தொடரின் பந்தயம். இரண்டும் சரி.